கோபிப் பாலையில் ஊணும் உறக்கமும்

ஆய்வுப் பயணங்களின் வரலாற்றைப் படிப்போர், சென்றவர்கள் எதைக் கண்டுபிடித்தனர் என்பதையே முதலில் தேடுவர். அவர்கள் எதை உண்டனர், எங்கே படுத்தனர் என்ற வினா நூலின் பின்னிணைப்பிலே ஓரிரு வரிகளோடு நின்றுவிடும். ஆயின் பயணத்தை நடத்திச் செல்லும் தலைவனுக்கோ இவ்விரண்டுமே முதற் கவலை. ஆறு மாத காலம் கடை கண்ணி எதுவுமில்லாத நிலப்பரப்பிலே நாற்பது பேரை வைத்து நடத்த வேண்டியவன், விடிந்தால் அவர்களுடைய வயிற்றையும் பொழுது சாய்ந்தால் அவர்களுடைய முதுகையும் நினைத்தே ஆகவேண்டும். 1922ஆம் ஆண்டு தொடக்கம் 1930ஆம் ஆண்டு வரை, நியூயோர்க் நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலை மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்துக்கு அனுப்பிய குழுக்களின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மோட்டார் வண்டிகளையும் லொறிகளையும் கொண்டு பாலைவனத்திலே பெருமளவில் அறிவியல் ஆய்வு செய்யத் துணிந்தோருள் இவர்கள் முன்னோடிகள்.

இக் குழுக்களின் தலைவர் றோய் சப்மன் அன்ட்றூஸ் என்பவர். 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே பிறந்தவர். 1906ஆம் ஆண்டில் நூதனசாலையில் வேலை கேட்டுச் சென்றபோது இடமில்லை என்று கூறப்பட, நிலத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையாயினும் போதும் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டவர். பின்னாளில் அதே நிறுவனத்துக்கு இயக்குநராகவும் ஆனார். நூதனசாலையின் தலைவராயிருந்த ஹென்றி பெயர்பீல்ட் ஒஸ்போண், முலையூட்டிகளும் மனித இனமும் நடு ஆசியாவிலேயே தோன்றிப் பரவியிருத்தல் வேண்டும் என்ற கொள்கையுடையவர். அக்கொள்கைக்குச் சான்று தேடியே இவர்கள் கோபிக்குப் போனார்கள். தேடிய ஆதி மனிதனின் எலும்பு கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு.

கோபியிலே அக்காலத்தில் வழியென்று சொல்லத்தக்கது ஒட்டகத் தடந்தான். சீனப் பெருமதிலின் அருகேயுள்ள கால்கன் நகரிலிருந்து ஊர்கா நகருக்கு, அதாவது இன்றைய உலான்பாத்தருக்கு, ஏறத்தாழ 700 மைல் தூரம் அத்தடம் சென்றது. ஒட்டகம் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல் நடக்கும். மோட்டார் வண்டியோ நிலம் இடங்கொடுக்குமானால் ஒரு நாளில் 100 மைல் ஓடும். மொங்கோலியாவிலே குளிர்காலம் கொடியது. வேலை செய்யத்தக்க காலம் ஏப்பிரலில் தொடங்கி செப்டெம்பர் அளவில் முடிந்துவிடும். ஒட்டகத்தில் ஏறிச் செல்பவன் இக்குறுகிய காலத்திற் பெரும்பகுதியைப் போவதிலும் வருவதிலுமே செலவிட்டு விடுவான். வண்டியிற் செல்பவன் பத்தாண்டு வேலையை ஓராண்டில் முடிக்கலாம் என்பது அன்ட்றூஸின் கணக்கு. மணலிலும் கல்லிலும் மோட்டார் வண்டி ஓடாது என்று அறிந்தோர் பலர் எச்சரித்தனர். அவர் கேட்கவில்லை. 1922ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் மூன்று டொட்ஜ் கார்களும் இரண்டு புல்ட்டன் லொறிகளும் கால்கனை விட்டுப் புறப்பட்டன. லொறி ஒவ்வொன்றும் ஒரு தொன் பாரம் சுமக்கவல்லது.

ஒரு தொன் லொறிகள் இரண்டைக் கொண்டு இத்தனை பேருடைய உணவையும், கூடாரங்களையும், வண்டிகளுக்கு வேண்டிய பெற்றோலையும் எவ்வாறு கொண்டு செல்வது? இவ்வினாவுக்கு அன்ட்றூஸ் கண்ட விடை பழையதையும் புதியதையும் இணைத்து நின்றது. வண்டிகள் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரேயே 75 ஒட்டகங்களைக் கொண்ட கூட்டமொன்று பொருள்களோடு பாலைக்குள் அனுப்பப்பட்டது. ஒட்டகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 றாத்தல் சுமந்தது. பெற்றோல் தகரங்கள், கோதுமை மா, அரிசி, சீனி, தேயிலை, உலர்த்திய காய்கறி, உதிரியுறுப்புக்கள், வண்டிச் சில்லுகளுக்கான றப்பர் எல்லாம் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு அதன் முதுகிலே சென்றன. குறித்த நாளிலே குறித்த கிணற்றடியிலோ மடத்தடியிலோ இரு பகுதியினரும் சந்திப்பது ஏற்பாடு. கடலிலே போர்க்கப்பல்களுக்கு முன்னதாக நிலக்கரிக் கப்பலை அனுப்பி வைப்பதைப் போன்றது இது.

ஒட்டகக் கூட்டத்தை நடத்திய மெரின் என்னும் மொங்கோலியரைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாமல் விடுவது முறையன்று. படமும் கருவியும் துணையின்றி, நூற்றுக்கணக்கான மைல் வெறுநிலத்தைக் கடந்து, சொன்ன இடத்துக்குச் சொன்ன நாளளவில் வந்து நிற்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. புல்லில்லாத இடத்தில் ஒட்டகம் மெலிந்துவிடும். மெலிந்தால் சுமை குறையும். சுமை குறைந்தால் குழுவினர் பட்டினி. ஆகவே எந்தப் பள்ளத்தாக்கில் எப்பொழுது புல் இருக்கும் என்ற மெரினின் அறிவே நாற்பது பேருடைய சோறாக இருந்தது என்று கூறினும் பிழையில்லை. வண்டிகள் நூதனசாலையின் பெருமையாகச் செய்தித்தாள்களிலே வெளிவந்தன. அவ்வண்டிகளுக்கு எண்ணெயும் அவற்றிற் சென்றோர்க்கு மாவும் ஒட்டகத்தின் முதுகிலேயே வந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இனி உறங்கும் இடத்தைப் பார்க்கலாம். ஐரோப்பியர் வெப்பநாடுகளிலே பயன்படுத்திய நிமிர்ந்த சுவருடைய கூடாரங்கள் கோபியின் காற்றுக்கு ஆற்றா. மதியம் வரை அசைவற்றிருக்கும் வெளியிலே, திடீரென்று அடிவானத்தில் மஞ்சள் நிறச் சுவரொன்று எழும். சில நிமிடங்களில் மணலும் சிறு கல்லும் கலந்த காற்று முகத்தில் அறையும். நேர்ச்சுவர் நிற்கும் கூடாரம் அதற்குப் பாய்மரம்போல் ஆகிவிடும். மொங்கோலியர் பயணத்திற்கெனக் கொண்டு செல்லும் மைஹான் என்னும் கூடாரமோ வேறு வகையானது. நடுவே உயர்ந்து, எல்லாப் பக்கமும் நிலத்தை நோக்கிச் சரிந்து இறங்குவது. காற்றுக்குப் பிடி கொடாதது. சில நிமிடங்களில் அடிக்கவும் பிடுங்கவும் கூடியது. அன்ட்றூஸ் தம் குழுவுக்கு இவ்வகையான நீலத்துணிக் கூடாரங்களையே தேர்ந்துகொண்டார். அந்நிலத்துக்கு அதனிலும் சிறந்தது இல்லை என்பது அவர் முடிபு. பன்னெடுங்காலமாக அங்கே வாழ்ந்தோர் கண்ட வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் அறிவு, அக்காலத்து மேலைநாட்டுப் பயணிகள் எல்லோர்க்கும் வாய்த்திருந்ததாகச் சொல்வதற்கில்லை.

கூடாரத்தினுள்ளே மடக்குக் கட்டில்கள் போடப்பட்டன. அவற்றின்மேல் உரோமத் தோலாற் செய்த படுக்கைப் பைகள். கோபியிலே கோடைகாலத்தின் பகல் வெப்பம் தகிக்கும். இரவோ சடுதியிற் குளிர்ந்துவிடும். வசந்த காலத்தின் கடைசியிலும் பனி விழுவதுண்டு. பகலிலே சட்டையைக் கழற்றிவிட்டு எலும்பு தோண்டியவன் இரவிலே உரோமப் பைக்குள் கழுத்துவரை புகுந்து கிடப்பான். வெறும் நிலத்தில், கூடாரமின்றி, குடியிருப்புகளுக்கு அருகே படுப்பது அங்கே ஆபத்து. மொங்கோலிய நாய்களின் மூர்க்கம் பேர்பெற்றது. கால்நடையாக ஒரு குடியிருப்பை நெருங்குபவன் நாயைப் பிடிக்கச் சொல்லித் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பது அந்நாட்டு வழக்கம்.

உணவில் முதன்மையானது இறைச்சி. அக்காலத்தில் கோபியின் புல்வெளிகளிலே நவ்வி மான்கள் பெருங் கூட்டமாகத் திரிந்தன. அவை வண்டியைக் கண்டால் விலகி ஓடாமல், அதன் முன்னே குறுக்காக வெட்டிப் பாய முயலும் இயல்புடையன. வண்டியை ஓட்டிக்கொண்டே அவற்றின் வேகத்தை அளந்த அன்ட்றூஸ், மணிக்கு 60 மைல் என்று குறித்திருக்கிறார். நூதனசாலைக்குத் தோலும் எலும்பும், சமையற்காரனுக்கு இறைச்சி என்று ஒரே வேட்டை இரண்டு தேவைகளை நிறைவேற்றியது. மேய்ப்போரிடம் ஆடு வாங்குவதும் உண்டு. மொங்கோலியரோ மீனையும் பறவையையும் விரும்பி உண்ணாதவர்; ஆட்டிறைச்சியும் தேநீரும் பாற்பொருள்களுமே அவர்களுக்கு உணவு. சீனர்க்கு மாவும் அரிசியும் வேண்டும். அமெரிக்கர்க்குப் பாணும் கோப்பியும் சீனியும் இல்லாவிடில் நாள் நகராது. இம்மூன்று வகை நாவுக்கும் ஏற்றவாறு ஒட்டகப் பெட்டிகள் நிரப்பப்படவேண்டியிருந்தன.

விறகு அரிதான நாட்டிலே அடுப்பெரிப்பதற்கு உலர்ந்த சாணமே உதவியது. அர்கல் என்று மொங்கோலியர் அதனைச் சொல்வர். ஒட்டகமும் குதிரையும் மாடும் போகும் தடமெங்கும் அது கிடைக்கும்; மழை நனைக்காவிட்டால் நன்றாக எரியும். சில பள்ளங்களில் மட்டும் சக்சௌல் என்னும் முறுக்குண்ட குறுமரம் வளர்ந்திருக்கும். அது இரும்பையொத்த கடினமும் நிலக்கரியையொத்த வெப்பமும் உடையது. தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு வேறுபட்டது. ஒரு கிணற்றிலே உப்பு, இன்னொன்றிலே செம்மறியாட்டின் நாற்றம். மனிதர்க்கு வேண்டிய நீரோடு வண்டிகளின் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரையும் எடுக்க வேண்டியிருந்ததால், எங்கே தங்குவது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் கிணறே.

துன்பத்தை விரும்பித் தேடும் வீரர் கூட்டத்தில் அன்ட்றூஸ் சேர்ந்தவரல்லர். இன்னல்கள் பெருந்தொல்லை, நன்றாக உண்டு, நன்றாக உடுத்து, நன்றாக உறங்குபவனே நன்றாக வேலை செய்வான் என்பது அவர் பலகாலும் எழுதிய கருத்து. சாகசம் எனப்படுவது பெரும்பாலும் திட்டமிடத் தெரியாமையின் விளைவு என்றும் அவர் கருதினார். துருவப் பயணங்களிலே பசியாலும் குளிராலும் மடிந்தோரை உலகம் போற்றிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். அவருடைய நூல்களிலே ஆபத்துக்கள் சற்றுச் சுவை கூட்டியே சொல்லப்பட்டிருக்கின்றன என்பதும் மறுக்கமுடியாது. ஆயினும் பெட்டிகளை அடுக்குவதில் அவர் காட்டிய கவனத்தைப் பார்க்கும்போது, அவருடைய உள்ளம் கதையிலன்றிக் களஞ்சியத்திலேயே இருந்ததாகத் தோன்றுகிறது. 1925ஆம் ஆண்டில் ஒட்டகங்கள் 125 ஆக உயர்ந்தன. ஆட்கள் ஏறத்தாழ 40 பேர். அவர்களுள் 14 பேர் அமெரிக்க அறிஞரும் தொழில்நுட்பத்தினரும். எஞ்சியோர் சீனரும் மொங்கோலியரும். சமைத்தோர், பரிமாறினோர், ஒட்டகம் மேய்த்தோர், வண்டி ஓட்டினோர், எலும்பு தோண்ட உதவியோர் இவர்களே. அமெரிக்க அறிஞரின் பெயர்கள் எலும்புகளின் பெயரோடு சேர்ந்து நூல்களில் நிலைத்துவிட்டன. காலையுணவு சமைத்துக் கொடுத்தவனின் பெயரைத் தேடுவோர் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியே காணவேண்டும்.

இக்குழுக்களின் உணவு வரலாற்றிலே மறக்கமுடியாத நிகழ்ச்சி 1923ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே, வழி தவறிய வேளையில், படம் பிடிப்பவராகிய சக்கல்போட் என்பவர் வழி விசாரிக்க வண்டிகள் நின்ற இடைவெளியில் சற்று நடந்துபோய், செந்நிற மணற்கற் பாறைகளின் விளிம்பொன்றைக் கண்டார். அங்கே எலும்புகள் நிலத்தின்மேலேயே துருத்திக்கொண்டு நின்றன. மாலைச் சூரியனின் ஒளியிலே நெருப்புப்போல் ஒளிர்ந்த அவ்விடத்துக்கு எரியும் பாறைகள் என்று குழுவினர் பெயரிட்டனர். சக்சௌல் நிறைந்த இடம் என்ற பொருளிலே மொங்கோலியர் அதனைப் பயன்சாக் என்பர். அன்று தங்க நேரமில்லை. மறு ஆண்டு யூலை மாதத்திலே அங்கே பாளையம் அடித்தனர். யூலை 13ஆம் நாள் ஜோர்ஜ் ஒல்சன் என்பவர் மதிய உணவுக்கு வந்து, புதைந்து கல்லான முட்டைகளைக் கண்டதாகச் சொன்னார். மற்றவர் நகைத்தனர். உணவு முடிந்தபின் போய்ப் பார்த்தபோது நகைப்பு அடங்கியது. அவை முட்டைகளே, டைனோசர் இட்டவை.

எலும்பும் முட்டையும் மிக நொறுங்கும் தன்மையுடையன. அவற்றை நிலத்திலிருந்து முழுதாக எடுப்பதற்கு ஒரு முறையுண்டு. மென்மையான அரிசித் தாளைப் பிசினால் எலும்பின்மேல் ஒட்டி, அதன்மேல் பசை தோய்த்த சாக்குத் துணியைச் சுற்றி உலரவிட்டால், அது மரப்பட்டைபோல் இறுகி உள்ளேயுள்ளதைக் காக்கும். முறிந்த கைக்கு வைத்தியர் கட்டுப் போடுவதைப் போன்றதே இது. பிற இடங்களிலே இதற்குப் பாரிசுச் சாந்தைப் பயன்படுத்துவர். கோபிக் குழுவின் தலைமைப் புதைபடிவ அறிஞராகிய வோல்ற்றர் கிறேஞ்சர் கையாண்டது கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. சாந்தைச் சுமந்தால் அது சாந்தாக மட்டுமே பயன்படும். மாவைச் சுமந்தால் உண்ணவும் ஆகும், ஒட்டவும் ஆகும். சிக்கனம் தெரிந்த ஏற்பாடுதான். ஆனால் ஒரே மூட்டைக்கு இரண்டு வாய்கள் இருந்தன என்பதை எரியும் பாறைகளின் அடியிலே அவர்கள் உணர்ந்தார்கள்.

நாள்தோறும் மண்டையோடுகள் வெளிவந்துகொண்டேயிருந்தன. எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு எலும்பு. ஆகவே பன்மடங்கு பசை. மா மூட்டைகள் விரைவாக மெலிந்தன. புதிதாக வாங்குவதற்கு அண்மையில் அங்காடி இல்லை. மொங்கோலியாவிலே கோதுமை மா வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அரும்பொருள். கையிருப்பைப் பார்த்த அன்ட்றூஸ் குழுவினரை அழைத்து நிலையை எடுத்துரைத்தார். எஞ்சிய மாவைப் பாணாக உண்டால் தோண்டும் வேலையை நிறுத்த வேண்டும். பசையாகக் காய்ச்சினால் பாணும் பணியாரமும் இல்லை. இறைச்சியும் தேநீரும் மட்டுமே. எதைச் செய்வது? முடிவை அவர் தம் அதிகாரத்தால் அறிவிக்கவில்லை, அவர்களிடமே விட்டார். ஒருவர் தவறாமல் எல்லோரும் எலும்புக்கே மாவைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள்.

இம்முடிவின் பாரத்தை இன்று நாற்காலியில் அமர்ந்து கேட்போர் எளிதில் உணரமாட்டார்கள். நாள் முழுவதும் வெயிலிலே குனிந்திருந்து ஊசியாலும் தூரிகையாலும் மண்ணை நீக்கி வேலை செய்வோர்க்கு மாலையுணவு ஒன்றே இன்பம். அவ்வுணவிலே வாரக்கணக்கில் மான் இறைச்சி, மறுபடியும் மான் இறைச்சி என்றால் முதல் நாட்களின் சுவை எவ்வளவு காலம் நிற்கும்? அமெரிக்கக் குழுவினர் வீட்டிலே பாணின்றி ஒரு வேளையும் உண்டறியாதவர்கள். எண்ணெயில் மூழ்கிய கையோடு வண்டியைச் செப்பனிடுபவர்களுக்கு எலும்பின்மேல் அறிஞர்க்குள்ள காதலும் இல்லை. இருந்தும் மறுத்தோர் இல்லை.

மாவுக்குப்பின் துணி தீர்ந்தது. கொண்டுவந்த சாக்குகள் எல்லாம் எலும்பைச் சுற்றப் போய்விட்டன. கூடார வாயிலின் தொங்குதுணிகளை வெட்டினார்கள். அதுவும் போதாமல், துவாய்கள், காலுறைகள், பழைய சட்டை காற்சட்டைகள் என்று ஒவ்வொன்றாகப் பசையில் தோய்ந்தன. தலைவரின் இரவு உடையும் தப்பவில்லை. உணவைக் கொடுத்தவர்கள் உறக்கத்தின் வசதியையும் கொடுத்தார்கள். பெட்டிகளில் எலும்புகள் உருளாமலிருக்க மெத்தென்ற பொருள் வேண்டும். வைக்கோல் இல்லாத நாட்டில் அதற்கு எங்கே போவது? கோடையிலே ஒட்டகம் தன் உரோமத்தைக் கற்றை கற்றையாக உதிர்க்கும். அதைப் பிடுங்கி எடுத்துப் பெட்டிகளில் அடைத்தார்கள். உதிராததையும் சற்று இழுத்துப் பார்த்திருப்பார்கள் போலும். பெற்றோலும் உணவும் தீரத்தீர வெறுமையான பெட்டிகளே எலும்புக்கு உறையுளாயின. போகும்போது உணவு, வரும்போது புதைபடிவம். ஒட்டகத்தின் சுமை குறையாமல் நின்றது. அவ்விடத்திலிருந்து 60 பெட்டிகளில் ஏறத்தாழ 5 தொன் எடையுள்ள பொருள் சேர்ந்ததாக அன்ட்றூஸ் கணக்குக் கொடுத்திருக்கிறார். அவற்றுள் 25 முட்டைகள்.

அம்முட்டைகளுள் ஒன்று நிதி திரட்டும் பொருட்டு அமெரிக்காவிலே ஏலம் விடப்பட்டு 5000 டொலருக்கு விலைபோயிற்று. அன்ட்றூஸ் பிற்காலத்திலே இதை நினைந்து வருந்த நேர்ந்தது. ஒரு முட்டை 5000 டொலர் என்றால், பெட்டி பெட்டியாகக் கொண்டு சென்றதன் மதிப்பு என்ன என்று மொங்கோலியரும் சீனரும் கேட்கத் தொடங்கினர். கேட்டதிலே நியாயம் இல்லையென்று சொல்லமுடியாது. தம் நிலத்திலிருந்து வேற்று நாட்டார் எடுத்துச் செல்வது வெறும் கல் அன்று என்பதை அந்த ஏலமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

உறக்கத்தைப் பற்றிய கதைகளுள் 1925ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று குழுவினர் எவரும் மறவாதது. மேட்டு நிலமொன்றின் விளிம்பிலே கூடாரம் அடித்திருந்தனர். அந்தப் பாறைகளிடையே விரியன் வகைப் பாம்புகள் இருப்பதைப் பகலிலேயே கண்டனர். ஓரிரவு திடீரெனக் குளிர் இறங்கியது. குளிருக்கு ஒடுங்கிய பாம்புகள் வெப்பத்தை நாடிக் கூடாரங்களை நோக்கி ஊர்ந்தன. மோட்டார்ப் பகுதியைச் சேர்ந்த லவெல் என்பவர் விழித்துப் பார்த்தபோது, கூடார வாயிலில் விழுந்த நிலவொளியைக் கடந்து ஒரு பாம்பு உள்ளே வருவதைக் கண்டார். எழுந்து அதை அடிக்கப்போகுமுன் சுற்றிலும் பார்ப்போம் என்று விளக்கை எடுத்தவருக்கு, தம் கட்டிலின் கால்களிலேயே இரண்டு பாம்புகள் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. கட்டில் மட்டும் இல்லாமல் நிலத்திலே படுத்திருந்தால் அவை எங்கே சுற்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றக் கூடாரங்களிலும் இவ்வாறே. சப்பாத்துக்குள், தொப்பிக்குள், துணிக்கிடையில் என்று அவை ஒளிந்திருந்தன. அன்று கொன்ற பாம்புகள் 47. குளிரினால் அவை மந்தமாயிருந்தமையே மனிதரைக் காத்தது; கடிபட்டது வூல்ஃப் என்ற நாய் மட்டும், அதுவும் பிழைத்துக்கொண்டது.

மொங்கோலியர் அப்பாம்புகளைக் கொல்ல மறுத்தனர். அருகே புனிதமான கற்குவியல் ஒன்று இருந்தது. அவ்வெல்லைக்குள் உயிர்வதை ஆகாது. ஆகவே தம் கூடாரத்துள் வந்தவற்றைத் துரத்திவிட்டனரேயன்றி அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கூடாரங்களில் உறங்கவும் அவர்களோ சீனரோ இசையவில்லை. ஒட்டகப் பெட்டிகளின்மேலும் வண்டிகளினுள்ளும் சுருண்டு படுத்தார்கள். பாலைவனத்திலே பயணிக்கு லொறி எத்தனை வகையிலே பயன்படும் என்பதற்கு இதுவும் ஒன்று. அன்ட்றூஸும் அன்றிரவு இருளில் மெத்தென்ற எதையோ மிதித்துக் கூவிவிட்டதாக எழுதியிருக்கிறார்; மிதித்தது கயிறு. இரண்டொரு நாளில் இடத்தைப் பாம்புகளுக்கே விட்டுவிட்டுக் குழுவினர் நகர்ந்தனர்.

1925க்குப்பின் காரியங்கள் முன்போல் நடக்கவில்லை. சீனாவின் உள்நாட்டுப் போர்களால் 1926, 1927 ஆகிய ஆண்டுகளிலே புறப்படமுடியவில்லை. மொங்கோலியாவின் கதவும் மூடப்பட்டது. 1928இலும் 1930இலும் உள் மொங்கோலியாவில் மட்டுமே வேலை செய்தனர். 1928இல் மான் வேட்டையின்போது அன்ட்றூஸின் கைத்துப்பாக்கி தவறி வெடித்து அவர் காலையே துளைத்தது. அவ்வாண்டு திரும்பும் வழியிலே எலும்புப் பெட்டிகள் சீன அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின்னரே விடப்பட்டன. 1930உடன் பயணங்கள் நின்றன.

அதன்பின் கோபிக்குப் போனோர் ஒட்டகக் கூட்டத்தை முன்னே அனுப்பவில்லை. 1946, 1948, 1949 ஆகிய ஆண்டுகளிலே சோவியத் அறிஞர் இவான் யெபிறேமொவ் தலைமையிற் சென்றவர்கள் எல்லாவற்றையும் பெரிய லொறிகளிலேயே ஏற்றிச் சென்றனர்: தண்ணீர்ப் பீப்பாய்கள், எண்ணெய், உணவு, பெட்டி செய்வதற்கான பலகை வரை. புனைகதையும் எழுதவல்ல யெபிறேமொவ் அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூலிலே லொறிகளும் ஓட்டுநரும் எலும்புகளுக்கு நிகரான இடம் பெறுகிறார்கள். 1963 தொடக்கம் 1971 வரை போலந்து அறிஞரும் மொங்கோலிய அறிஞரும் கூட்டாகச் சென்றனர். அக்குழுவை நடத்தியவர் சொபியா கியலான் யவரோவ்ஸ்கா என்னும் பெண்மணி. அவர்கள் போலந்தில் செய்த ஸ்ரார் லொறிகளை இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தனர். உணவுப் பெட்டிகளும் போலந்திலிருந்தே வந்தன. கிணற்றடியில் மெரினுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. ஆயினும் லொறி சேற்றிலோ மணலிலோ புதைந்துவிட்டால் பொழுது சாய்ந்த இடமே படுக்கையிடம் என்பது 1922இல் இருந்தபடியே இருந்தது.

அமெரிக்க நூதனசாலை மறுபடியும் மொங்கோலியாவுக்குச் செல்ல இயன்றது 1990ஆம் ஆண்டிலே. இம்முறை மொங்கோலிய விஞ்ஞானக் கழகத்தோடு கூட்டாகச் சென்றது. 1993ஆம் ஆண்டில் அக்குழுவினர் உக்கா தொல்கொட் என்ற இடத்திலே, 1923இல் கண்டவற்றைப் போன்ற முட்டை ஒன்றைக் கண்டனர். அதனுள்ளே பிறவாத குஞ்சின் எலும்புகள் இருந்தன. 1923ஆம் ஆண்டு தொட்டு அம்முட்டைகள் புரொட்டோசெறட்டொப்ஸ் என்னும் சிறு கொம்பற்ற விலங்கினுடையவை என்றே நம்பப்பட்டு வந்தது. அம்முட்டைகளின்மேல் கிடந்த வேறொரு விலங்கின் எலும்புக்கு, முட்டையை உண்ண வந்து மாண்டது என்று கருதி, முட்டை திருடி என்ற பொருள்பட ஒவிறப்டர் என 1924இல் ஒஸ்போண் பெயரிட்டிருந்தார். குஞ்சின் எலும்போ அந்தத் திருடியின் இனத்தைச் சேர்ந்ததாயிருந்தது. அதே ஆண்டில், முட்டைகளின்மேல் கைகளை விரித்து அமர்ந்த நிலையிலேயே மணலில் புதைந்த இன்னொரு விலங்கும், அவ்வினத்தை ஒத்தது, கண்டெடுக்கப்பட்டது. பாணைத் துறந்து, சட்டையைக் கிழித்து, பசையிற் சுற்றி 1923இல் நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றவர்கள், தாயையும் முட்டையையும் சேர்த்தே கொண்டு சென்றிருந்தார்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முதலில் வழங்கிய பெயரை மாற்றுதல் இயலாது. ஆகவே ஒவிறப்டர் என்ற பெயர் இன்றும் அதற்கு உரியதாகவே இருக்கிறது.